வேலை கொடுப்பவர் வராத வகுப்பறை

சான்றிதழ் வழங்கும் விழாக்களில் ஒரு வாசகம் தப்பாமல் வரும். மங்கள விளக்கேற்றி, வரவேற்புரை முடிந்து, பிரதம விருந்தினர் எழுந்து சொல்வார்: "வேலை இருக்கிறது, பிள்ளைகளிடம் திறன்தான் இல்லை." முன்வரிசைகளில் இருக்கும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கொம்பியூட்டர் படித்து, இல்லையென்று சொல்லப்படும் அதே திறனைப் பெற்று, அதற்கான கடதாசியை வாங்க வந்திருப்பவர்கள் அவர்கள்தான். இனி அவர்களிடம் குறைவது எது என்று விருந்தினர் சொல்வதில்லை. அடுத்த வருடமும் மேடை அதே, வாசகம் அதே, பிள்ளைகள் மட்டும் வேறு.

இந்த வாசகத்தோடு எனக்கு நெடுநாளாகவே வழக்கு உண்டு. இப்போது அது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பத்தில் இரண்டு இலட்சம் பேரை உருவாக்கப்போகிறோம் என்கிறார்கள். மூன்று மாதத்தில் கோடிங், சில வாரங்களில் செயற்கை நுண்ணறிவு என்று சந்திக்குச் சந்தி பதாகை தொங்குகிறது. வறிய வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு லப்டொப்பைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை, அரசு, தொண்டு நிறுவனம், புலம்பெயர்ந்த கொடையாளர் என்று எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது. வேறு எந்த விடயத்திலும் இந்த மூன்று தரப்பும் இப்படி ஒத்துப்போய் நான் கண்டதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு வந்தது. 1995 இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை வந்தது. பிறகு ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழில் தகைமை வந்தது. இவை இல்லாவிட்டால் சாதாரண தரத்தில் கணிதத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைக்கு இந்த நாட்டில் இரண்டாவது கதவு என்று ஒன்று இருந்திராது. பள்ளிக்கூடமே போகாமல் தொழில் பழகிய மேசனும் வெல்டரும்கூட மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டித் தகைமை பெறலாம். 2022 இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனபோது அந்தக் கடதாசி பலருக்குக் கைகொடுத்தது. வீட்டை விட்டு வெளியே அனுப்பப்படாத பெண்பிள்ளைகள் 'கோர்ஸ்' என்ற பெயரில் நகரத்துக்கு வந்து போகிறார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

விருதும் உண்டு. 2014 இல் நெனசல மின்நூலகத் திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளை பத்து இலட்சம் டொலர் விருது கொடுத்தது. விகாரை, கோயில், பள்ளிவாசல், நூலகம் என்று ஊரூராகத் திறக்கப்பட்ட கணினி நிலையங்கள் அவை. பொதுநூலகம் வழியாகக் கணினியையும் இணையத்தையும் மக்களுக்குத் திறந்துவிட்டதற்கான பரிசு அது. அந்த அளவில் நியாயமான பரிசுதான். கணினியைத் தொட்டால் வேலை வரும் என்பதற்கு அதையே சாட்சியாக நிறுத்துவதுதான் தவறு. கிராமத்துப் பிள்ளை மின்னஞ்சல் அனுப்பப் பழகினாள் என்பது ஒரு செய்தி. அவளுக்குச் சம்பளம் வந்தது என்பது வேறு செய்தி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம்பவைக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் தொடங்கி இன்றைய கோடிங் வகுப்பு வரை அப்படியே தொடர்கிறது.

கப்பல்துறையை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதியால் போகும்போது வரும் ஊர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மீண்டு வந்த குடும்பங்கள், கூலிவேலை, மேசன் வேலை, கொஞ்சம் தோட்டம். கைத்தொழில் பேட்டை என்ற பேச்சு இந்த ஊரின் பெயரோடு சேர்ந்து பல வருடமாகக் காதில் விழுகிறது. பஸ்ஸில் சிறிது நேரம் போனால் சீனன்குடா. அங்கே பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், இரண்டாம் உலகப் போரையொட்டிப் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள். துறைமுகத்துக்குள் கப்பல் வந்து கோதுமையும் கிளிங்கரும் இறக்குகிறது. வடக்கு கிழக்கில் இயங்கிக்கொண்டிருக்கும் பெரிய தொழில்நிலையங்கள் இவ்வளவு அருகருகே இருக்கும் இடம் வேறு இல்லை என்றே சொல்லலாம். மோட்டர், கன்வேயர், பாரந்தூக்கி, நிறுவைத் தராசு, கொதிகலன், வால்வு, மின்பலகை என்று பழுதுபார்க்கவும் இயக்கவும் ஆள் வேண்டிய இயந்திரங்கள் அந்தக் குடாவைச் சுற்றி நிறையவே நிற்கின்றன.

இந்த ஊர்ப் பிள்ளை எதைப் படிக்கிறாள்? பெரும்பாலும் கணினிப் பிரயோக உதவியாளர், மூன்றாம் மட்டம். வேர்ட், எக்ஸெல், பவர்பொயின்ட், இணையம், மின்னஞ்சல்.

சேர்வதற்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரப் பெறுபேறு, பெற்றோரின் தொழில், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். பிள்ளை உண்மையிலேயே வறியவள்தானா என்பதை நிரூபிக்க இரண்டு மூன்று ஒப்பம் கேட்பார்கள். இந்தப் பயிற்சியை முடித்தால் இவளை எடுத்துக்கொள்வேன், அல்லது எடுப்பது பற்றிக் குறைந்தபட்சம் யோசிப்பேன் என்று ஒரு முதலாளி ஒப்பமிடும் இடம் மட்டும் அதில் இருக்காது. என் முழு ஆட்சேபமும் அந்த இல்லாத கோட்டில்தான் இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் தொழிற்களப் பயிற்சி என்று ஆறு மாதம் வரும். நிறுவனம் தேடித் தரும் என்பார்கள். பாதிப் பேர் தாங்களே தேடவேண்டி வரும். அப்படித் தேடிப்போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவள் போய் நின்றது நகரத்தில் ஒரு கொமினிகேஷனில். காலை ஒன்பதுக்கு ஷட்டர் தூக்கியதும் போட்டோகொப்பி மெஷினைச் சூடாக்குவாள். அடையாள அட்டையை லமினேட் பண்ணுவாள். கடவுச்சீட்டு விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்பிக் கொடுப்பாள். பெறுபேறு வரும் நாளில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சுட்டெண்ணைத் தட்டி அச்செடுத்துக் கொடுப்பாள். இடையில் ரீலோட். பயிலுநர் தினக்குறிப்பு என்று ஒரு கொப்பி உண்டு. ஒவ்வொரு நாளும் என்ன கற்றாள் என்று எழுதி மேற்பார்வையாளர் ஒப்பமிட வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் கடைக்காரர் ஒரு வாரத்துக்குரிய ஒப்பத்தை ஒரே மூச்சில் போட்டுவிடுவார். "எக்ஸெல் அட்டவணை தயாரித்தல்" என்று அவள் எழுதிய நாளில் அவள் செய்தது 140 பக்கம் போட்டோகொப்பி. ஆறு மாதம் முடிந்தது. கடைக்காரர் அடுத்த தொகுதியிலிருந்து இன்னொரு பிள்ளையை எடுத்துக்கொண்டார். எடுக்கத்தானே செய்வார்? சம்பளமில்லாத ஆள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும்போது, சம்பளத்துக்கு ஆள் வைக்க அவருக்கு என்ன அவசரம்?

கடைக்காரரைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. அவர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பயிற்சி நிறுவனம் பிள்ளைக்குப் பொறுப்பு, கொடையாளர் நிறுவனத்துக்குப் பொறுப்பு, ஆணைக்குழு பாடத்திட்டத்துக்குப் பொறுப்பு. கடைசியில் வேலை கொடுக்கவேண்டிய ஆள் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் விழாவுக்கு விருந்தினராக வருகிறார், வேலை இருக்கிறது என்று பேசுகிறார், தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்.

முதலாளி இல்லாத இடத்தில் பாடத்தை யார் தீர்மானிப்பது? அறைதான் தீர்மானிக்கிறது. இருபது கணினி, ஒரு குளிரூட்டி, ஒரு போதனாசிரியர் இருந்தால் கணினி வகுப்பு வருடக்கணக்கில் ஓடும். மின்கட்டணத்துக்கு மேல் பெரிய செலவில்லை. வெல்டிங் வகுப்புக்கு ஒவ்வொரு நாளும் கம்பி எரிய வேண்டும், இரும்புத் தகடு வெட்டுப்பட வேண்டும், வாயு உருளை தீர வேண்டும். முதல் தொகுதி முடியுமுன்னே 'கொன்ஸியூமபிள்ஸ்' பணம் முடிந்துவிடும். இயந்திரம் பழுதுபார்க்கும் வகுப்புக்குப் பழுதான இயந்திரம் வேண்டும், அது சீனன்குடா மதிலுக்கு உள்ளே இருக்கிறது. அதனால்தான் வறிய பிள்ளைக்கான தொழில்நுட்பம் விசைப்பலகையோடு சுருங்கிப்போயிற்று. படம் எடுத்து அறிக்கையில் போடவும் அது அழகாக இருக்கும்; புதுத் திரைகளுக்கு முன்னால் சிரிக்கும் முகங்கள். வெல்டிங் கொட்டிலில் முகமே தெரியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே வருடத்தில், நாட்டின் வேலையின்மைப் பிரச்சினையை ஆராயச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்தது. படிப்பு வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டில் கிடைக்கும் வேலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி என்பது அது பேசிய முக்கிய விடயம். அந்தக் குழுவின் அறிக்கையிலிருந்து 'பொருத்தமின்மை' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டோம். பிள்ளையை மாற்றினால் பொருந்தும் என்று முடிவுகட்டிவிட்டோம். 1999 இல் உலக வங்கியின் மார்ட்டின் ராமா இலங்கை வேலையின்மைப் பிரச்சினையை மறுபடி ஆராய்ந்தார். திறன் பொருந்தாமை இதன் பெரிய காரணமாக அவருக்குத் தெரியவில்லை. ஓய்வூதியமும் பாதுகாப்பும் உள்ள நல்ல வேலைக்கும் அவை இல்லாத மற்ற வேலைக்கும் இடையிலான தூரம்தான், பிள்ளைகளை நல்ல வேலைக்காகக் காத்திருக்க வைக்கிறது என்று கண்டார். மேடைப் பேச்சாளர்கள் இதைச் சோம்பல் என்பார்கள். கொமினிகேஷனில் ஆறு மாதம் சும்மா நின்ற பிள்ளை, அரசாங்கம் 2020 இல் ஒரு இலட்சம் பேரைப் பல்நோக்குச் செயலணிக்கு எடுக்கப்போகிறது என்று கேட்டதும் விண்ணப்பம் போட்டால் அது சோம்பலா, கணக்கா? ஒரு பக்கம் எந்த வாக்குறுதியும் தராத தனியார். மறு பக்கம் சிறிய சம்பளமானாலும் கையெழுத்துப் போட்டுத் தரும் அரசு. பிள்ளைக்கு எக்ஸெல் தெரிகிறதோ இல்லையோ, இந்தக் கூட்டல் கழித்தல் நன்றாகவே தெரியும்.

அதே 1971 இல் தேசியப் பயிலுநர் சட்டம் வந்தது என்பதை இந்த விவாதத்தில் யாரும் நினைவுபடுத்துவதில்லை. தொழிற்சாலையே வகுப்பறை, பயிலுநரும் முதலாளியும் உடன்படிக்கை செய்துகொள்வார்கள் என்பதுதான் பயிலுநர் முறையின் அடிப்படை. இன்று அதை நடத்துவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை. சரியான எண்ணம் அரைநூற்றாண்டுக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆனால் நாம் பணத்தையும் விளம்பரத்தையும் கட்டடத் திறப்பு விழாக்களையும் கொட்டியது முதலாளி தேவைப்படாத நிலையங்களுக்கு.

ஜேர்மனியைச் சொல்லாமல் இந்த நாட்டில் தொழிற்பயிற்சி பேச முடியாது. 1959 இல் பிறந்த இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தின் பெயர் இன்றும் ஒரு முத்திரை. மொரட்டுவையில் அங்கே படித்தேன் என்றால் வளைகுடாவிலும் மதிப்பு. அதன் பெருமைக்கு ஜேர்மன் கடைசல் இயந்திரங்களைத்தான் காரணம் சொல்வார்கள். அது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வெரஹெர வேலைத்தளத்தோடு ஒட்டிப் பிறந்தது என்பதை விட்டுவிடுவார்கள். நாடு முழுக்க ஓடிய பஸ்களைப் பழுதுபார்க்க ஆள் தேவைப்பட்ட ஒரு பெரிய முதலாளி, வகுப்பின் அடுத்த கொட்டிலிலேயே இருந்தார். பயிலுநர் தொட்டது நாளை ரோட்டில் ஓடவேண்டிய இயந்திரம். 2016 இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் இன்னொரு ஜேர்மன் உதவி நிறுவனம் திறந்தார்கள். கட்டடம் அருமை, கருவிகள் அருமை. மதிலுக்கு வெளியே அந்த வெரஹெர எங்கே? ஜேர்மனியில் பிள்ளை முதலில் கம்பனியோடு ஒப்பந்தம் எழுதுகிறான். மாதப்படி வாங்கிக்கொண்டு மூன்று, மூன்றரை வருடம் அங்கே வேலை பழகுகிறான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடம் போகிறான். ஒப்பந்தம் இல்லாதவனுக்கு அந்த வழியே திறப்பதில்லை. நாங்கள் ஜேர்மனியிலிருந்து கடைசல் இயந்திரத்தைக் கொண்டுவந்தோம், ஒப்பந்தத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

வேறு நாடுகளில் பார்த்தாலும் கதை இதுதான். உலக வங்கியின் டேவிட் மெக்கன்சி 2017 இல் வளரும் நாடுகளின் பயிற்சித் திட்டங்கள் பற்றிய கட்டுப்பாட்டுக் குழு ஆய்வுகளைத் தொகுத்தார். நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தால், அதனால் மட்டுமே வேலை பெற்றவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர். மற்றவர்கள் பயிற்சி இல்லாவிட்டாலும் வேலை பெற்றிருப்பார்கள், அல்லது பயிற்சி பெற்றும் பெறவில்லை. கொலம்பியாவின் இளைஞர் திட்டம் விதிவிலக்காக நின்றது. அங்கே பயிற்சி பெற்ற பெண்களின் வருமானம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. மூன்று மாதம் வகுப்பு, அடுத்த மூன்று மாதம் முறையாகப் பதிவு செய்த கம்பனிக்குள். கொமினிகேஷனுக்குள் அல்ல. ஆண்களுக்குப் பெரிய பலனில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; கம்பனி வாசல் திறந்தாலும் எல்லாம் தீராது. ஆனால் திறக்காத வாசலுக்கு முன்னால் பிள்ளைகளை எவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்கப் பழக்கினாலும், உள்ளே இருக்கும் வேலை கூடப்போவதில்லை. வரிசையில் யார் முன்னுக்கு என்பதுதான் மாறும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். இணைய யுகத்தில் முதலாளியே தேவையில்லை, பிள்ளை வீட்டிலிருந்தே உலகத்துக்கு வேலை செய்யலாம் என்பது முதலாவது. பேபால் வழியாகப் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை இந்த நாட்டில் எத்தனை வருடம் கிடந்தது என்று ஃபைவரில் கணக்குத் திறந்த பிள்ளைகளைக் கேளுங்கள். லோகோ கீறுவது, தரவு பதிவது, எளிய மொழிபெயர்ப்பு ஆகிய முதற்படி வேலைகளைத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு முதலில் தின்கிறது. ஏணியின் கீழ்ப்படியை உருவிவிட்டு மேலே ஏறச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் தொடங்கிய 'ஊக்கி' போன்ற கோடிங் பயிற்சி முயற்சிகள் வெல்கின்றனவே என்பார்கள். வெல்லட்டும். அங்கே புலம்பெயர்ந்தவர்கள் நடத்தும் மென்பொருள் கம்பனிகள் பக்கத்திலேயே ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன. முதலாளி இருக்கும் இடத்தில் பயிற்சி வெல்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம்.

அவுஸ்திரேலிய உதவியில் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்களில் சுற்றுலாத்துறைப் பயிற்சி நடந்ததே, அதில் ஹோட்டல்காரர்களையும் சேர்த்தார்களே என்பது இரண்டாவது. சரியான திசைதான். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் மே முதல் செப்டெம்பர் வரை சீசன்; வாடைக்காற்று தொடங்கியதும் பரிமாறுபவனை வீட்டுக்கு அனுப்பும் தொழில் அது. பிறகு 2019 ஈஸ்டர் குண்டு, அதன் பின் கொரோனா. வருடத்தில் ஐந்து மாத முதலாளியை முழு முதலாளியாக எண்ணிக் கணக்குப் போட்டால் இப்படித்தான் முடியும்.

கிழக்கில் இருப்பவை சின்னக் கடைகள், அவர்களால் எப்படி வாக்குறுதி கொடுக்க முடியும் என்பது மூன்றாவது. இதை மட்டும் பொறுமையோடு கேட்க எனக்கு இயலவில்லை. சின்னக் கடைகளிடம் யார் கேட்டது? 2022 ஜனவரியில் சீனன்குடாத் தாங்கிகளைப் பங்கு பிரித்தார்கள்: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பிலிருந்தபடியே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே நாளில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் கைச்சாத்திட்டன. துறைமுகத்தைச் சுற்றிக் கையெழுத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கையெழுத்துகளுக்கு நடுவில், வருடத்துக்கு இத்தனை பயிலுநரைக் கப்பல்துறை, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சம்பூர்ப் பிள்ளைகளிலிருந்து எடுப்போம், மூன்று வருடம் மாதப்படி கொடுத்துப் பழக்குவோம், தகைமை பெற்றவரில் இத்தனை பேரை நிரந்தரமாக்குவோம் என்ற ஒரு பந்தியைக் கேட்பதற்கு எந்த உலக வங்கி நிபுணரும் வரவேண்டியதில்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும். அங்கே எழுந்து கேட்கப்படுவது பயிற்சி நிலையத்துக்கு இன்னும் பத்துக் கணினி.

கம்பனிகள் சம்மதிக்கமாட்டா, முதலீடு ஓடிப்போய்விடும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். நிலம் கொடுக்கிறோம், வரிச்சலுகை கொடுக்கிறோம், கப்பல்துறைப் பேட்டைக்கு ரோட்டும் தண்ணீரும் மின்சாரமும் மக்கள் பணத்தில் போடுவோம் என்கிறோம். இத்தனைக்கும் பதிலாக இருபது பயிலுநர் இடம் கேட்டால் ஓடிப்போகும் கம்பனி, பயிற்சி முடித்த பிள்ளை சான்றிதழோடு வாசலில் வந்து நின்றால் மட்டும் உள்ளே எடுக்கும் என்று நம்பித்தான் இத்தனை வருடமாக வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறோமா? அடுத்த சான்றிதழ் விழாவில் "வேலை இருக்கிறது" என்று சொல்லும் விருந்தினரிடம், எந்தக் கம்பனியில், எத்தனை இடம், எந்தத் திகதியிலிருந்து என்று முன்வரிசைப் பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து கேட்கலாம். விருந்தினர் பட்டியலில் அந்தக் கம்பனி முகாமையாளரின் பெயரும் இருக்கும். அவரை அங்கேயே பதில் சொல்லச் சொல்லலாம்.